ஐந்தருவி ஏற்றமும் ஐந்நூறு சிசி வண்டியும்

தென்காசி,
ஆனி மாதம், விடியற்காலையிலிருந்து சாரல் விழுகிற ஒரு செவ்வாய்க்கிழமை.

திருவனந்தபுரத்தில் மனைவி மக்களோடும் என்னுடைய வண்டியோடும் சௌக்கியமாக வாழ்ந்துவரும் மைத்துனர் சிரஞ்சீவி நயினாருக்கு, உன் அக்காளைக் கட்டியதால் உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள நேர்ந்த அத்தான் வல்லிநாயகம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் நலமா என்று அறிய ஆவல். நலம் என்று எழுதியது முறைக்காக. ஆவல் என்று எழுதியதும் முறைக்காகத்தான்.

போனில் பேசாமல் தபாலில் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் நான் "வண்டி" என்று ஆரம்பித்ததும் உனக்கு ஆரியங்காவு மலைக்குள்ளே போனது மாதிரி சிக்னல் போய்விடுகிறது. நீ இருப்பதோ பேங்கில், ஏசிக்குக் கீழே. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். நான் பக்கம் பக்கமாக வயிறு எரிந்து எழுதியதற்குக் கட்டைவிரல்தான் பதிலா? அதனால்தான் தபால். இது உன் வீட்டுக்கு வரும்போது நீ ஆபீசில் இருப்பாய். உன் வீட்டுக்காரி ஸ்ரீதேவி வாங்கிப் பிரித்துப் படிப்பாள். சாயங்காலம் அவள் உரக்கப் படிக்கட்டும், நீ நின்றுகொண்டு கேள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா சுந்தரி என் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் பின்னால் உட்கார்ந்து வந்தவள். சீசன் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுந்ததும் முதல் வாரத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போய்த் தலை நனைத்துவிட்டு வருவோம், வெளியூர்க் கூட்டம் லாட்ஜில் கண் விழிப்பதற்கு முன்னாலேயே. எந்த வருஷமும் தவறியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் அடித்த வருஷம்கூடக் காய்ச்சலோடு வந்தாள். இந்த வருஷம் நான் வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன், அவள் எதிர்வீட்டு மாரிச்செல்வியோடு மாற்றுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இதற்கு முழுக் காரணம் நீயும் நீ என் தலையில் கட்டிய அந்த ஐந்நூறு சிசி வண்டியும்தான்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வந்தவன் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் எதுவும் கேட்டேனா? என் நூறு சிசி வண்டி உண்டு, உரக்கடை உண்டு என்று இருந்தேன். அந்த வண்டிக்கு வயதாகிவிட்டது உண்மைதான். ஆனால் சமதரையில் அது ராஜா. முன்னால் ஒரு மூட்டை யூரியா, பின்னால் உன் அக்கா, ஹேண்டிலில் இரண்டு பை, எதற்கும் முகம் சுளிக்காது. ஐந்தருவிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற அந்த ஏற்றத்தில் மட்டும் இரண்டு பேரை இழுக்காது. முக்கும், முனகும், நிற்கப் பார்க்கும். உடனே சுந்தரி இறங்கிவிடுவாள். நான் முதல் கியரில் மெல்ல ஓட்டுவேன், அவள் பக்கத்தில் நடந்து வருவாள், மேட்டுக்குப் போனதும் ஏறிக்கொள்வாள். எத்தனையோ வருஷமாக நடக்கிற காரியம். அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை, நீ வந்து சொல்லும் வரைக்கும். இலையில் உட்கார்ந்து, என் வீட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாய். "அத்தான், அந்த ஏத்தத்துல அக்காவை இறக்கி நடக்க வைக்கியளே, நாலு பேரு பாத்தா என்ன நினைப்பான்? நம்ம வண்டியில உக்காந்தா அக்காவுக்கு ஏத்தம்னே தெரியாது." பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக உன் அக்காளை நடுரோட்டில் நடக்கவிட்ட பாவியாகிவிட்டேனே என்று நெஞ்சில் குத்தியது. அந்த நேரம் பார்த்து, காசுப் பேச்சே வேண்டாம் அத்தான், வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வோம், எனக்கு மார்க்கெட்டுக்குப் போகச் சின்ன வண்டி போதும் என்றாய். யானையைக் கொடுத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் புத்தியுள்ளவன் சந்தேகப்படுவான். நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். ஸ்ரீதேவி உன்னிடம் "ஒண்ணு அந்தச் சனியன் வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லியிருந்த விவரம், நீ என் வண்டியில் புளியரை எல்லையைத் தாண்டிய பிறகுதான் உன் அக்காவின் போனுக்கு வந்தது.

சரி, வந்த வண்டியை மரியாதையாக வைத்துக்கொள்வோம் என்று பூஜைக்கு எடுத்துக்கொண்டு போனேன். காசி விசுவநாதர் கோவில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் பட்டர். மெதுவாக ஏற்றி நசுக்குங்கள் என்றார். பழைய வண்டியில் ஆயுதபூஜைக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்குவதென்றால் ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கி, காலையும் ஊன்றித் தள்ளினால்தான் நசுங்கும். கைக்கு அந்தப் பழக்கம்தானே தெரியும்? முறுக்கினேன். பழம் நசுங்கவில்லை, தெறித்து எங்கேயோ போய்விட்டது. வண்டி என்னையும் கொண்டு போய் எதிரே பூக்கடைப் பந்தல் காலில் நிறுத்தியது. பந்தல் என் தலையில் உட்கார்ந்தது. பூக்கடை அம்மாள் என்னைத் திட்டியதை நான் தாங்கிக்கொண்டேன், அவள் பேச்சில் நியாயம் இருந்தது. பட்டர் கற்பூரத் தட்டோடு கோவிலுக்குள் போனவர்தான், தட்சிணை வாங்கக்கூட வெளியே வரவில்லை. இன்றைக்கும் நான் சந்நிதியில் நின்றால் அவர் முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருநீறு தருகிறார்.

அடுத்தது அதன் சத்தம். மாரிச்செல்விக்குக் கைக்குழந்தை இருப்பது உனக்குத் தெரியும். முதல் நாள் காலையில் வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்தேன், குழந்தை அலறியது, அவள் மாமியார் ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த இருநூறு கிலோவை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் அங்கேதான் ஸ்டார்ட் செய்கிறேன். ராத்திரி வரும்போதும் தெருமுனையிலேயே நிறுத்தி வீடு வரைக்கும் உருட்டல்தான். பெரிய வண்டி வாங்கியவன் நான், நடந்து போகிறவனும் நான். பார்க்கிறவர்கள் பெட்ரோலுக்கு வழியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய வண்டியில் ஒரு காய்கறிப் பையை மாட்ட ஒரு கொக்கி கிடையாது, இதை எந்தப் புண்ணியவான் செய்தான் என்று தெரியவில்லை. கத்தரிக்காயும் கொத்தமல்லியும் வாங்கிப் பக்கவாட்டில் தொங்கவிட்டேன், வீட்டுக்கு வருவதற்குள் சைலன்சர் சூட்டில் பை உருகி, கத்தரிக்காய் பாதி சுட்டே போய்விட்டது. உன் அக்கா அதைக் கொத்சு செய்து போட்டாள். நானும் சாப்பிட்டேன், வேறு என்ன செய்ய?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதன் கேரளத்துக் கே.எல். நம்பரை எப்படிப் பொறுப்பது? நான் பிறந்தது இந்த ஊர், படித்தது இந்த ஊர், கடை வைத்திருப்பது இந்த ஊர். சீசன் ஆரம்பித்த அன்று உன் வண்டியில், நீ கூடவே தாராளமாகக் கொடுத்த அந்த முகத்தை மூடுகிற கறுப்பு ஹெல்மெட்டோடு குற்றாலத்துக்குள் நுழைந்தேன். ஆர்ச் தாண்டவில்லை, "சேட்டா, ரூம் வேணோ?" என்று ஒருவன் கூடவே ஓடி வந்தான். எண்ணெய்த் தேய்ப்புக்காரர் ஒருவர் ஹேண்டிலையே பிடித்துக்கொண்டார். ரம்புட்டான் வாங்க நின்றால், போன வருஷம் வரைக்கும் எனக்கு எடை கூடவே போட்டுத் தந்த கடைக்காரன், வெளியூர்க்காரனுக்குச் சொல்லுகிற விலையைச் சொன்னான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, ஏலே, நான் உரக்கடை வல்லிநாயகம் என்றேன். அவன் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துச் சொன்னான். "சேட்டன் நம்ம தமிழ நல்லா பேசுதாரு பாரு." அதோடு விட்டானா? இரண்டு வருஷம் பேசிப் பழகினால் இன்னும் சுத்தமாக வந்துவிடும் என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னான். நம்பரை இங்கே மாற்றலாம் என்றால் அங்கேயிருந்து நீ தடையில்லாச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். சித்திரையில் கேட்டேன், நாளைக்கு என்றாய். உங்கள் ஊரில் நாளைக்கு என்பது எந்த மாதத்தில் வருகிறது?

இனிமேல்தான் உண்மையான வயிற்றெரிச்சல். சுந்தரி இந்த வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறினாள். இலஞ்சியில் ஒரு வளைகாப்பு. தெருமுனை வீட்டு வாசல்படியில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டு ஏறி உட்கார்ந்தாள், போய்விட்டு வந்தோம், ஒரு குறையும் இல்லை. மறுநாள் பக்கத்துப் பாத்திரக்கடை உச்சிமாகாளி என் கடைக்கு வந்தான். இரண்டு டீ சொன்னான், அவனாகச் சொன்னான், அப்போதே எனக்குத் திக்கென்றது. உட்கார்ந்து, ஆளில்லாத கடையில் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. நேத்து உங்க வீட்டு மைனியை இலஞ்சி பக்கம் பாத்தேன். ஒரு மலையாளத்தான் வண்டியில."

அது நான்தான் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"உங்களுக்குப் பெரிய மனசு அண்ணாச்சி. வெளிய காட்டிக்கிடாம பேசுதிய."

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் வண்டியைக் காட்டி, ஹெல்மெட்டை மாட்டிக் காட்டி, ஏறி உட்கார்ந்தும் காட்டிய பிறகுதான் நம்பினான். நல்ல மனுஷன்தான், அதுதான் ஆபத்து. தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று மனம் கேட்காமல் கடைத்தெரு முழுக்கப் போய், அண்ணாச்சி வீட்டு மைனி போனது மலையாளத்தான்கூட இல்லை, அண்ணாச்சிகூடத்தான் என்று ஒவ்வொரு கடையாக விளக்கம் சொல்லியிருக்கிறான். விஷயமே தெரியாமல் இருந்தவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது. வங்கிக்குப் போனால் கேஷியர் என்னைப் பார்த்து, கவலைப்படாதீர்கள் சார், நாங்கள் யாரும் நம்பவில்லை என்கிறார். உன் அக்காவிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றாள்.

ஏன் என்று கேட்டால் உயரமாக இருக்கிறது என்றாள். வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போய் ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி வைத்தேன். சேலை சக்கரத்தில் மாட்டும் என்றாள். சேலை கார்டு மாட்டச் சொன்னேன். இந்த வண்டிக்குச் சேலை கார்டா என்று பட்டறைக்காரர் கேட்டுவிட்டு, உள்ளே போய் வேலையாட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டிச் சிரித்தார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றாள். பின்னால் ஒரு கம்பி வளைத்துப் போட்டேன். போகிறபோக்கில் காய்கறிப் பைக்கு இரண்டு கொக்கியும் வைத்தாயிற்று. இப்போது அது ரேஸ் வண்டியும் இல்லை, பால் வண்டியும் இல்லை, பார்க்கிறவனுக்கு என்னவென்றே சொல்லத் தெரியாது. எல்லாம் முடித்து வாசலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அதற்கு அப்புறம் காரணமும் சொல்வதில்லை. ஊர் பேசியது அவளுக்கு மனதில் தைத்துவிட்டது, வெளியே சிரித்தாள், உள்ளே தைத்துவிட்டது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றைக்கு ஐந்தருவிக்கு அவள் பஸ்ஸில் போய்விட்டு ஈரத்தலையோடு வந்தாள். எனக்கு இட்லி எடுத்து வைத்தாள். தண்ணீர் நன்றாக விழுகிறது என்றாள். நான் தலை நனையாமல் உட்கார்ந்து அந்த இட்லியைத் தின்றேன் நயினார். அழுகை வந்தது. உன்மேல் இருக்கிற கோபத்தில் வந்த அழுகை, வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.

ஆகவே இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் என் நூறு சிசி வண்டி என் வாசலில் நிற்க வேண்டும். லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை வேண்டாம். நீயே ஓட்டிக்கொண்டு வா. தென்மலை ஏற்றத்தில் அது உன்னை இழுக்காது, உன் உடம்பு அப்படி. இறங்கி நட. நாலு பேர் பார்க்கட்டும், என்ன நினைக்கிறான் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வா. வந்து உன் யானையை, படி, கம்பி, சேலை கார்டு, கொக்கி சகிதம் ஓட்டிக்கொண்டு போ. அதை ஸ்ரீதேவி கண்ணில் படாமல் எங்கே நிறுத்துவாய் என்பது உன் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை வரவில்லையென்றால் திங்கட்கிழமை உன் பேங்க் வாசலில் அந்த வண்டியை நிறுத்தி, மானேஜர் வெளியே வரும் வரைக்கும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பேன். இது மிரட்டல்தான்.

ஸ்ரீதேவிக்கு எங்கள் ஆசீர்வாதம், அவள் பக்கம்தான் நியாயம் என்று அப்போதே தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் அமலுக்கு வரும்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
உன் அத்தான்
வல்லிநாயகம்

பி.கு.: இன்றைக்கு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையே உறையில் போட்டு ஒட்டப் போன சமயத்தில் உன் அக்கா என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்தில் சிரித்தாள், நடுவில் சிரித்தாள், இட்லி வருகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு உயரமும் இல்ல, மலையாளத்தானும் இல்ல. அந்த ஏத்தத்துல நான் இறங்கி நடக்கும்போதுதான் நீங்க எங்கிட்ட பேசிக்கிட்டு வருவிய. கடையில யாவாரம், வீட்டுல டிவி. வருசத்துல அந்தக் கொஞ்ச தூரந்தான். இதுல ஏறுனா ஒரே மூச்சுல மேல கொண்டு போயிருமே, அப்புறம் எங்கன பேசுதது?"

அந்த ஏற்றத்தில் நான் பேசிக்கொண்டு போவேன் என்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கு விடியும் முன்னே தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், அங்கே அவளை இரும்புப் படியில் கால் வைத்து ஏறச் சொல்லி, ஐந்தருவிக்குக் கிளம்பினேன். ஏற்றத்துக்கு அடியில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். இரண்டு பேரும் இறங்கினோம். அவள் நடந்தாள், நான் உருட்டினேன். தினமும் உருட்டிய பழக்கம் கைகொடுத்தது, இருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். பாதி வழியில் கோட்டயத்துக்காரர்கள் ஒரு காரை நிறுத்தி, கே.எல். நம்பரைப் பார்த்த பாசத்தில் நான்கு பேர் இறங்கி வந்து, "பெட்ரோள் தீர்ந்நோ சேட்டா?" என்றார்கள். டேங்க் நிறைய இருக்கிறது என்று உன் அக்கா அமைதியாகச் சொன்னாள். அவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். குளித்துவிட்டுத் திரும்பும்போது சும்மா இறக்கத்தில் விட்டேன், காற்று முகத்தில் அடித்தது, பின்னாலிருந்து என் சட்டையை இழுத்து, "இன்னும் கொஞ்சம் வெரசாப் போங்க" என்றாள். இலஞ்சியைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பாமல் செங்கோட்டை வரைக்கும் போய் வந்தோம்.

எனவே ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். சின்ன வண்டியை நீயே வைத்துக்கொள், செயினுக்கு எண்ணெய் விட மறக்காதே. தடையில்லாச் சான்றை மட்டும் அனுப்பு. கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம், அப்படியே போகட்டும் என்று உன் அக்காதான் சொன்னாள்.

இன்னொன்று. உருட்டிக்கொண்டு ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கி, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மேட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். முழுக்க உன்னைப் பற்றித்தான். அதையெல்லாம் எழுதினால் தபாலில் எடுக்க மாட்டார்கள்.